ஓட்டையில் ஒட்டுப்பால்

மூன்று நாள் என் மேசைமேல் ஒரு கறுப்பு உருண்டை கிடந்தது. நெல்லிக்காய் அளவு, நடுவில் ஒரு துளை. மேல்தோல் வெடித்து மொறமொறவென்று உதிர்ந்தது. நகத்தால் கீறினால் உள்ளே பழுப்பாகக் கொஞ்சம் இழுபட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்து அறுபது வயதைத் தாண்டிய எந்தத் தமிழரையும் கண்ணைக் கட்டி உட்காரவைத்து இதை முகரக் கொடுங்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே சொல்லிவிடுவார்: ஒட்டுப்பால். மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால்.

என் மனைவிக்கும் தெரிந்துவிட்டது. அவள் அதை மேசையிலிருந்து ஜன்னல் விளிம்புக்கும், அங்கிருந்து வாசல் போர்ச்சுக்கும் இடம் மாற்றிக்கொண்டே இருந்தாள். நான் திரும்ப எடுத்து வந்து வைத்தேன்.

அது கிடைத்த இடம்தான் விசேஷம். 1959ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் கார். எஞ்சினுக்கும் ஓட்டுகிறவரின் காலுக்கும் நடுவே ஒரு தகடு உண்டு. அதில் ஓட்டை போட்டு ஸ்பீடாமீட்டர் கேபிளை உள்ளே விட்டிருப்பார்கள். ஓட்டையைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் கௌலி தொழிற்சாலையில் மாட்டி அனுப்பிய வளையம் எப்போதோ நைந்து விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாக யாரோ ஒட்டுப்பாலை நாடா நாடாவாகச் சுற்றி, கட்டைவிரலால் அழுத்தி அடைத்திருக்கிறார்கள். விரல் பதிந்த பள்ளம்கூட இருந்தது. நாற்பது வருஷமாக இந்தக் காடியைக் கழற்றி மாட்டுகிறவன் நான். அந்த மூலைக்குக் கையை விட்டதே இல்லை. விட்டால் தோலோடு திரும்பி வராது, அத்தனை இடுக்கு.

கோலாலம்பூர் பங்சாரில் உட்கார்ந்துகொண்டு ஒட்டுப்பாலை முகர்வதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. இந்த இடத்தின் பெயரே தோட்டத்துப் பெயர். புங்கே, கிரிசார் என்று இரண்டு ஐரோப்பிய முதலாளிகள். இருவர் பெயரும் சேர்ந்து தோட்டத்துக்கு வந்தது. பிறகு வாயில் தேய்ந்து தேய்ந்து புங்சார் ஆகி, பங்சாராக நின்றது. வெள்ளைக்காரன் காலத்து எழுத்திலே பார்த்தால் 'பு'தான் இருக்கும். பால்மரம் வெட்டி வீடு கட்டிய பிறகு நாங்கள் லக்கி கார்டனுக்கு வந்தோம். இன்று தெலாவியில் ஒரு கோப்பிக்குப் பதினைந்து வெள்ளி கொடுத்துவிட்டு வெளியே வருகிற பிள்ளைகளிடம், நீங்கள் நிற்கிற இடத்தில் காலைப் பிரட்டு (பேர் கூப்பிடல்) கலைந்து ஆட்கள் மர நிரைக்குப் போனார்கள் என்று சொன்னால் பணிவாகக் கேட்டுக்கொள்வார்கள். கேட்டுவிட்டு, 'அங்கிள், வேலே பார்க்கிங் எந்தப் பக்கம்?' என்பார்கள்.

இந்த மோரிஸ் மைனர் பங்சாரில் பிறந்தது இல்லை, கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து வந்தது. நம்பர் தகட்டில் B, சிலாங்கூர் எழுத்து. 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகி W எழுத்து வருவதற்கு ரொம்ப முன்பே ஓடிய வண்டி. முதல் சொந்தக்காரர் தோட்டத்துச் சின்னத் துரை. அதே தோட்டத்தில் அப்பாயி பால் வெட்டினாள். செம்மண் சாலையில் இந்தக் காடியின் ஹார்ன் கேட்டால் வாளியோடு கால்வாய் ஓரம் ஒதுங்கி நிற்பாளாம். அப்பா சைக்கிளில் வந்தால் இறங்கி நிற்பாராம். 1966இல் துரை ஊருக்குக் கப்பலேறினார், தோட்டத்தைத் துண்டாடி விற்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தமிழ்ப் பள்ளி ஆசிரியரான அப்பா, எண்ணூறு வெள்ளிக்குத் தவணை சொல்லி இந்தக் காடியை வாங்கினார். அதே நாட்களில்தான் அப்பாயியும் ஒரு தவணை கட்டிக்கொண்டிருந்தாள். துண்டாடலில் ஆட்கள் நடுத்தெருவில் நிற்கக்கூடாது, அவர்களே சேர்ந்து தோட்டத்தை வாங்க வேண்டும் என்று அமைச்சர் சம்பந்தன் 1960இல் தொடங்கினாரே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், அதற்குப் பத்துப் பத்து வெள்ளியாக. ஒரே வீட்டில் மகன் துரையின் காடிக்குக் கட்டினார், தாய் துரையின் தோட்டத்துக்குக் கட்டினாள். யார் சாமர்த்தியசாலி என்று நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

காடி வீட்டுக்கு வந்த அன்று ஊரே பொன்னட்டைத் தடவிப் பார்த்ததாம். அப்பாயி குனிந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். காய்ந்த ரப்பர் ஷீட்டைப் பார்க்கிற மாதிரி. "இதுக்கு எத்தனை மங்குடா?" என்று கேட்டாள். மங்கு என்றால் மரத்தில் பால் பிடிக்கிற கோப்பை. அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. நாற்பது வருஷம் டயர் மாற்றியிருக்கிறேன், ஒருவரும் அந்தக் கேள்வியை மறுபடி கேட்டதில்லை.

மோரிஸ் மைனரில் எனக்குப் பிடித்தது எஞ்சின் இல்லை, கை. கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணில் ஒரு பிளவு உண்டு. விசையைத் திருப்பினால் அதிலிருந்து ஆரஞ்சு விளக்கோடு ஒரு சின்னக் கை வெளியே நீளும். திரும்பி முடித்ததும் மடங்கிக்கொள்ளும். அதற்கு டிராஃபிகேட்டர் என்று பெயர். 1961இல் கம்பெனிக்காரன் அதை எடுத்துவிட்டுக் கண்சிமிட்டும் விளக்கைப் போட்டுவிட்டான். எங்கள் வண்டி அதற்கு முந்தியது. நம் ஊர் ஈரத்துக்குக் கை அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பின்சீட்டில் வலது ஜன்னல் எனக்கு, இடது ஜன்னல் அக்காவுக்கு. சந்தி வந்ததும் அப்பா விசையைத் திருப்பிவிட்டு, "கை!" என்பார். அந்தப் பக்கத்துக்காரர் தூணை உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டும். டொக்கென்று வெளியே வரும். பிரிக்பீல்ட்ஸ் சாலையில் (இன்று அதுவும் சம்பந்தன் பெயரில்தான் இருக்கிறது) ரயில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்களுக்கோ சிரிக்க நேரம் ஏது, நாங்கள் பணியில் இருந்தோம்.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், கிள்ளானுக்குப் போகிறோம். கொட்டும் மழை. இடது கை வெளியே வந்தது, மடங்கவில்லை. அக்கா தட்டினாள், நான் எட்டித் தட்டினேன், அம்மா குடைக் காம்பால் தட்டினாள். ஊஹூம். அத்தனை மைலும் இடது பக்கம் திரும்பப் போவதாக உலகத்துக்கு அறிவித்துக்கொண்டே நேராகப் போனோம். பின்னால் வந்த லோரிக்காரன் ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் எங்களை முந்தும்போது தலையில் அடித்துக்கொண்டான். அப்பாயி முன்சீட்டில் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் பொறுத்தாள். பிறகு சொன்னாள்: "கைய மடக்கச் சொல்லுடா. காசு கேக்குற மாதிரி இருக்கு." அப்பா வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்காகவே இந்த வண்டியை நான் விற்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டு வயதில் பிரிக்பீல்ட்ஸ் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். மலேசியாவில் மெக்கானிக்கை யாரும் மெக்கானிக் என்பதில்லை, போமன். ஃபோர்மேன் என்ற வார்த்தையை மலாய்க்காரரும் சீனரும் நாமும் சேர்ந்து கடித்துத் துப்பியது. என் போமன் சீனர். நாலே வார்த்தை மலாயில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். அதில் இரண்டு வார்த்தை, "டெங்ஙார் டுலு". முதலில் கேள். மோரிஸில் எஸ்யு என்று ஒரு மின்சாரப் பெட்ரோல் பம்ப் உண்டு. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் டிக் என்று வேகமாக அடிக்கும், கார்புரேட்டர் நிறைய நிறைய வேகம் குறையும், நிறைந்ததும் நின்றுவிடும். நிற்காமல் அடித்தால் எங்கேயோ ஒழுக்கு. அடிக்கவே இல்லை என்றால் உள்ளே பாயிண்ட் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். ஸ்பேனர் பிடியால் ஒரு தட்டு தட்டினால் போதும். தட்டினால் வேலை செய்கிற வண்டியிலேயே வளர்ந்தவன் என்பதால் அந்தப் பாடம் எனக்குச் சுலபமாக வந்தது.

பிறகு ஜாலான் கிள்ளான் லாமாவில் சொந்தப் பட்டறை, இரண்டு வண்டி நிறுத்தும் இடம். பழைய வண்டி மட்டும்தான் எடுப்பேன். மோரிஸ், ஆஸ்டின், பீட்டில், டட்சன் 120ஒய். ஆரம்பத்தில் வந்தவர்கள் எல்லாம் என்னைப் போன்ற கிறுக்கர்கள். ரேடியேட்டர் மூடிக்கு ஆறு மாதம் காத்திருப்பார்கள். இன்றோ மோரிஸுக்குப் பாகம் கிடைப்பது புது வண்டியைவிடச் சுலபம். இங்கிலாந்தில் அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. பாத் நகரத்தில் மோரிஸ் மைனரைப் புதுப்பித்தே பிழைத்த சார்ல்ஸ் வேர் என்பவர், தகடுகளை இலங்கையில் அடித்து வரவழைக்க ஏற்பாடு செய்தார். கொழும்புத் தெருவில் இன்னும் மோரிஸ் ஓடுகிறது, அடிக்கத் தெரிந்த கையும் அங்கே இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்தது எனக்கு ஏனோ சொந்தக்காரன் செய்த காரியம் மாதிரி ஒரு பெருமை. கிறுக்குக்குச் சங்கமும் உண்டு. மலேசியா சிங்கப்பூர் பழங்கார்ச் சங்கம் என்று இரண்டு நாட்டுப் பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். 1965இல் நாடு இரண்டானது காருக்குத் தெரிவிக்கப்படவில்லை போலும்.

பிறகு விலை ஏறியது. விலை ஏறியதும் வேறு மாதிரி ஆட்கள் வந்தார்கள். ஒருவர் பதினாலு மாதம் என்னைப் பிழிந்து ஒரு வண்டியைச் செய்யச் சொன்னார். குரோம் மின்ன, சாயத்தில் முகம் பார்க்கலாம் போலச் செய்து கொடுத்தேன். ஏர்கண்டிஷன் போட்ட அறையில் நிறுத்தி, மேலே துணி போர்த்திவிட்டார். ஓட்டுங்கள், ஓட்டாவிட்டால் சீல் எல்லாம் காய்ந்துவிடும் என்றேன். ஓட்டினால் விலை குறையுமே என்றார். அது காடி இல்லை, ஃபிக்ஸட் டெபாசிட். அன்றைக்கே எனக்குத் தொழில்மேல் ஆசை கொஞ்சம் விட்டுப்போனது. மீதியை 2020 மார்ச் 18இல் வந்த நடமாட்டக் கட்டுப்பாடு எடுத்துக்கொண்டது. வாடகை ஏற ஏற, கேட்டவருக்குக் கருவிகளைக் கொடுத்துவிட்டுப் பட்டறையை மூடினேன். என் மோரிஸும் போர்ச்சில் துணி போர்த்திக்கொண்டது. அந்தப் பணக்காரரைத் திட்டிய அதே வாய்தான். நான் அதைக் கவனிக்கவில்லை.

2022 ஜனவரியில் ஒரு பையன் வந்தான். டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் முங்கிய வண்டி, ஸாகா. முதல் ரகம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ப்ரோட்டோன் ஸாகா 1985 ஜூலை 9இல் வெளிவந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. மிட்சுபிஷி லான்சருக்குச் சட்டை மாற்றிவிட்டார்கள் என்று பட்டறையில் உட்கார்ந்து கேலி பேசியவர்களில் நான் முதல் ஆள். முதல் வண்டியைத் தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்தபோதும் விடவில்லை. நான் இளைஞனாக இருந்தபோது வந்த வண்டி எப்படிப் பழம் வண்டியாகும்? ஆகிவிட்டது. கண்ணாடியைப் பார்த்தால் விவரம் புரியும்.

பெயரில் மட்டும் எனக்குக் குறை இல்லை. போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த பெயர், கொடுத்தவர் ஓய்வுபெற்ற ராணுவத்தார் இஸ்மாயில் ஜாஃபார். ஸாகா என்றால் நம் மஞ்சாடி. பொன் நிறுக்கத் தட்டான் தராசில் போட்ட சிவப்பு விதை. ஒரு தேசம் தன் முதல் காருக்கு எடைக்கல்லின் பெயர் வைத்தது அழகுதான்.

பையனிடம் சொன்னேன்: "தம்பி, பட்டறை மூடியாச்சு. பழைய இரும்புக்குப் போட்டா எழுநூறு வெள்ளி தருவான்."

"கேட்டுட்டேன் அங்கிள், அறநூறுதான் தரானாம். இது அப்பா வண்டி. அப்பா ஜூலையில தவறிட்டார். ஓட வேணாம். ஒருவாட்டி ஸ்டார்ட் ஆனா போதும்."

இழுத்துக்கொண்டு வரச் சொன்னேன். கறுப்பு எண்ணெயை இறக்கினால் தே தாரே நிறத்தில் நுரையோடு வந்தது. தண்ணீர் கலந்த எண்ணெய் அப்படித்தான் இருக்கும். பிளக்கைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றிச் சேற்றுநீரை வெளியே துப்பவைத்தோம். மூன்று முறை எண்ணெய் மாற்றினோம். கியர்பாக்ஸ், ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர். கார்புரேட்டர் கிண்ணத்தில் கழுவக் கழுவ மணல். ஞாயிறு மட்டும்தான் அவன் வருவான். பதினோராவது ஞாயிறு ஸாகா இருமி, வெள்ளைப் புகை கக்கி, பிடித்துக்கொண்டது. பையன் ஒன்றும் பேசவில்லை. வண்டியின் பின்பெட்டியைத் திறந்து, உள்ளே அவன் அப்பா வைத்திருந்த குடையை எடுத்துப் பார்த்தான், துருவேறி விரியாமல் இருந்தது. திரும்ப அதே இடத்தில் வைத்து மூடினான். என்ன தரணும் என்றான். நூற்றைம்பது வெள்ளி வாங்கினேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது அவன் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும், எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்.

போகும்போது என் போர்ச்சில் இருந்த துணியைப் பார்த்து, "இது ஓடுமா அங்கிள்?" என்றான். துணியைத் தூக்கினேன். எலி வயரை எல்லாம் தின்றிருந்தது. ஓடாது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வேலை என் வண்டியில் நடந்தது, பையன் உதவிக்கு. பொன்னட்டின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஓடும் மேடான பட்டையைக் காட்டி இது எதுக்கு என்று கேட்டான். நாலு விரலைச் சேர்த்து அதன்மேல் வைக்கச் சொன்னேன், ஏறக்குறைய நாலு அங்குலம். 1948இல் வெளிவருவதற்கு முன், வண்டி ஒடுங்கிப் போய்விட்டது என்று அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸுக்குத் தோன்றியிருக்கிறது. மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நாலு அங்குலம் விலகியதும் கண்ணுக்குச் சரியாகப் பட்டது, அங்கேயே நிறுத்தினார். பழைய அளவுக்கே பம்பர் செய்து குவித்துவிட்டார்கள். அதனால் ஆரம்ப கால வண்டிகளில் பம்பரை நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்துப் போல்ட் போட்டார்கள். முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு வண்டியின் உருவமே பிடிக்கவில்லை, உடைத்து வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்றார். காலைப் பசியாறலுக்கு அரைவேக்காட்டு முட்டையை ஆவலோடு குடிக்கிற ஊருக்கு அது எப்படி வசையாகும்? பிற்பாடு அந்த முட்டை பத்து லட்சத்தைத் தொட்டது. பிரிட்டன் கார்களில் அதுதான் முதல். பையன் நாலு விரலையும் எடுக்காமலே, "அப்ப இது தையல் போட்ட தழும்பா அங்கிள்?" என்றான். எனக்கு இத்தனை வருஷத்தில் அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

வயரை மாற்ற டேஷ்போர்டை இறக்கியபோதுதான் அந்த உருண்டை. பையனின் கை ஒல்லி, மூலைக்குள் போய்விட்டது. "அங்கிள், ஏதோ செத்த வாடை."

இந்த இடத்தில் திருக்குறளை இழுக்கப்போகிறேன், போமன் இழுப்பதைப் புலவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். 11ஆவது அதிகாரத்தின் தலைப்பு செய்ந்நன்றி அறிதல். பள்ளியில் அப்பா நடத்தும்போது அது எனக்கு 'தேங்க்யூ' அதிகாரம். இப்போது கடைக்காரர், வானொலி அறிவிப்பாளர், மண்டபத்துத் தலைவர் எல்லோரும் சொல்கிற நன்றி இருக்கிறதே, அது வேறு. வள்ளுவர் வார்த்தையில் நன்றி என்பது செய்யப்பட்ட நன்மை. நம் மனசில் ஊறுகிறது ஒன்றும் இல்லை, எதிராளி செய்துவிட்டுப் போன காரியம். நம் பக்கத்து வேலை அறிதல். அவ்வளவே கேட்கிறார். மலாய்க்காரர் 'தெரிமா காசே' என்கிறார், அன்பைப் பெற்றுக்கொள்கிறேன் என்று. நம் ஆள் அதைவிடக் கறார்: என்ன செய்தார்கள், யார் செய்தார்கள், தெரிந்துகொள். உணர்ச்சிவசப்படு என்று எங்கும் சொல்லவில்லை. பழைய வண்டி பிரிப்பவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நட்டிலும் எனக்கு முன்னால் ஒரு கை இருந்திருக்கிறது. வயரை இடப்பக்கமாக முறுக்குகிறவர் ஒருவர், கேஸ்கெட்டில் பென்சிலால் தேதி போடுகிறவர் ஒருவர். நாற்பது வருஷம் இவர்களை எல்லாம் 'எந்த முட்டாள் செய்தது' என்றே அறிந்துவந்திருக்கிறேன். அதுவும் ஒரு வகை அறிதல்தான் என்று வாதாடிப் பார்க்கலாம்.

உருண்டை யாருடையது? அப்பாவுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. சின்னத் துரையோ ஒட்டுப்பாலைத் தொட்டிருக்கமாட்டார். கிள்ளானில் இருக்கும் அத்தைக்குப் போன் செய்தேன், எண்பத்து நாலு வயது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். இரண்டு முறை கத்திச் சொன்னேன்.

"ஒட்டுப்பாலா? அது அம்மா வேலை. மழை பெஞ்சா கால்ல தண்ணி ஒழுகுதுன்னு உங்கப்பன் வந்து சொன்னான். கிளச்சு மிதிக்கிற கால் வழுக்குதுன்னான். மறுநா பால் வெட்டிட்டு வந்தா, தூக்குச்சட்டியில கொஞ்சம் ஒட்டுப்பால் போட்டுக்கிட்டு வந்தா. கங்காணி கண்டா அபராதம். வண்டிக்குள்ள குப்புறப் படுத்துக்கிட்டு அடைச்சா. எங்களுக்கெல்லாம் அதிலேயே பந்து சுத்திக் குடுப்பா இல்ல, அதே மாதிரி. ஏன், இப்ப என்ன அதுக்கு?"

ஒன்றுமில்லை என்றேன்.

"ஒன்னுமில்லாததுக்கா போன் பண்ணே? சாப்ட்டியா?"

கால்வாய் ஓரம் ஒதுங்கி நின்றவள், அதே வண்டிக்குள் தலையைக் கொடுத்துப் படுத்திருக்கிறாள். ஆள் குட்டை, கையும் சின்னது. அதனால்தான் அந்த மூலை எட்டியிருக்கிறது. கட்டைவிரல் பள்ளத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன், நுழையவில்லை.

இங்கிலாந்திலிருந்து வளையம் வந்து சேர்ந்தது. வளையத்தின் விலையைவிடத் தபால் செலவு எட்டு மடங்கு. நல்ல கறுப்பு ரப்பர், அச்சு வார்த்தது, ஓட்டைக்குக் கச்சிதமான அளவு. பையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மேசை இழுப்பறையில் போடச் சொன்னேன். வெடித்த உருண்டையைக் கேபிளில் கோத்து, அதே மூலையில் அவன் கையாலேயே அழுத்தவைத்தேன். என் மனைவிக்கும் அதில் பரம திருப்தி.

சாவியைத் திருப்பினேன். பம்ப் அடிக்கவில்லை. தட்டினேன். டிக் டிக் டிக். இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம், வேகம் குறைந்து நிற்கும்வரை. லக்கி கார்டனைச் சுற்றி ஜாலான் மாரோஃப்வரை போய் வந்தோம், பின்னால் அவன் ஸாகா. சந்தியில் வலது கை வரவில்லை. பின்சீட்டில் ஆள் இல்லாததால் நானே திரும்பித் தட்ட வேண்டியிருந்தது. அதற்குள் பிடித்துக்கொண்டது பாருங்கள், மாலை நேரத்துப் பங்சார் மழை. இடது காலில் நன்றாக ஒழுகுகிறது.